லானி ஓட்டிய இன்னொரு தடவை

லானி குபேனாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஹூஸ்டனுக்குக் கிழக்கே எங்கள் பட்டறையில் முப்பது வருடமாக, காரில் கோளாறு என்று எரியும் செக் இன்ஜின் விளக்குகளோடு மாரடிக்கிறார். கவுன்டரில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. அலுப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவருக்கு முழங்கால் வலி கூடுதல்.

வெள்ளிக்கிழமை ரோசெட்டா ஹேன்ஸ் வந்தாள். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. திங்கட்கிழமை மதியத்துக்குள் கார் புகைச் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் வேலை போய்விடும் என்றாள்.

“மூணு கடையில மூணு பெட்ரோல் மூடி மாத்திட்டாங்க, மிஸ்டர் லானி. விளக்கு அப்படியேதான் எரியுது.”

“மூடி மாத்துறது சுலபம்மா. அடியில படுத்துப் பாக்கத்தான் ஒருத்தனுக்கும் உடம்பு வளையாது.”

இவர் படுத்தார். குழாய்க்குள் புகையைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துத் தேடினார். டேங்குக்கு மேலே, கை நுழையாத இடத்தில், பெட்ரோல் ஆவி போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றி, ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தார். விளக்கு அணைந்தது.

அதோடு தீர்ந்தால் ஏன் இந்தப் பிழைப்பு? பிழையை அழித்தால் காரின் கணினி தான் முன்பு செய்த சோதனைகளையும் மறந்துவிடும். ஓட்ட ஓட்டத்தான் தன்னை நான்கு விதமாகச் சோதித்துக்கொள்ளும். மூன்று முடிந்திருந்தால் போதும், புகைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள். ரோசெட்டாவோ சனி, ஞாயிறு ஒரு நோயாளி வீட்டிலேயே தங்க வேண்டும். நானே ஓட்டுகிறேன் என்றார் லானி. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓட்டினார். மூன்று முடிந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் மட்டும் பாக்கி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனிதருக்கு வண்டியை அரைகுறையாகக் கொடுத்துப் பழக்கமில்லை. ஞாயிறு காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஓட்டினார். நான்காவதும் முடிந்தது. கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று விளக்கு மறுபடி எரிந்தது. எரிந்தால் தேறாது, அழித்தால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், திங்கள் மதியத்துக்குள் அதற்கு நேரமில்லை.

திங்கள் காலை என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவகிட்ட கன்வெர்ட்டர் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லையே.”

“பாதிதான் நிஜம்.”

ரோசெட்டா வந்ததும் ஒன்று விடாமல் சொன்னார்.

“அப்போ சனிக்கிழமையே நிறுத்தியிருந்தா?”

“தேறியிருக்கும்மா.”

“பின்ன ஏன் ஓட்டுனீங்க?”

லானி கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. ரோசெட்டா சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வேலை கொடுத்தவர்களுக்குப் போன் செய்து, கார் தேறாது என்றாள். அந்தப் பக்கம் பேசுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றாள். “அந்த நோயாளி வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. யார்கிட்ட குடுக்கணும்?”