எழுதாமல் விட்ட அனுமதி

ஊர்காவற்றுறைக்கு வரும் காலை பஸ்ஸின் கொண்டக்டர்தான் சாவுச் செய்தியைச் சொன்னார். நான் பத்திரிகை வாங்கச் சந்தியில் நின்றிருந்தேன். "ஐயா, வேலணையிலை கப்டன் மோசம் போட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம்." மணியை அடித்தார், பஸ் போய்விட்டது. நான் பத்திரிகை வாங்க மறந்து வீட்டுக்குத் திரும்பினேன். வேலணையில் பெரிய மனிதர்கள் பலர் உண்டு. ஆனால் கப்டன் என்றால் அது இராசநாயகம் ஒருவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் முடிவில் கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஒரு விமான நிறுவனத்தில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். எந்த விமானி எந்த நாளில் ஓட்டுவது, எங்கே தங்குவது, எத்தனை மணி நேரம் இளைப்பாறுவது என்று ரோஸ்டர் போடுவது என் வேலை. அவர் அப்போது உதவி விமானி. முதல் நாளே என் மேசைக்கு வந்து, "நீர் எவடம்?" என்றார். ஊர்காவற்றுறை என்றேன். "அப்ப ஒரே தீவுக்காரர்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அன்று முதல் அவர் எனக்கு அண்ணை. சவிரிமுத்துவாகிய நான் அவருக்கு வெறும் சவிரி.

படிப்பில் அவருக்கு அலுப்பே கிடையாது. விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை விமானம் ஓட்டிக் காட்டும் பரீட்சை உண்டு. தவறினால் உரிமம் கையில் இராது. மற்றவர்கள் அந்தக் கிழமை முழுவதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். இவர் சிரிப்பார். "டொக்டர்மார் ஒருக்காப் பாஸ் பண்ணினால் காணும். எங்களுக்குப் பெஞ்சன் எடுக்குமட்டும் சோதினைதான்" என்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் கப்டன் ஆனார்.

விமானிகள் சங்கத்தில் எல்லோரும் சம்பளத்துக்காகச் சத்தம் போட்ட காலத்தில், அவர் ஒருவர்தான் ஓய்வு நேரத்துக்காகப் பேசினார். "பறந்த நேரத்தை எண்ணுறியள். பிளேன் பழுதாகி நாங்கள் வெயிலுக்கை காத்து நிண்ட நேரத்தை ஆர் எண்ணுறது? சம்பளத்தைப் பிறகு பாப்பம். முதல் நித்திரையைப் பேசுவம்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். கூட்டம் சிரித்தது. நிர்வாகம் சிரிக்கவில்லை. அன்றே அவர் மேல் ஒரு கண் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் விமானம் இரவு அங்கே நின்று மறுநாள் காலை திரும்பும். விமானி நிறுவனத்தின் விடுதியில்தான் தங்க வேண்டும். வெளியே தங்குவதானால் தலைமை விமானியின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அண்ணையின் தாயார் வேலணையில் இழுப்பு நோயால் வருந்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி மகேஸ்வரி அக்காதான் சின்னப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துவந்தார். மாதத்தில் இரண்டு மூன்று பலாலி இரவுகளை நான் அண்ணையின் பெயருக்குப் போட்டேன். "அனுமதிக்கு எழுத வேணுமே?" என்று அவர் கேட்டார். "அதெல்லாம் நான் சொல்லிப்போட்டன். நீங்கள் பயப்பிடாமல் வீட்டை போங்கோ" என்றேன்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் ஆளுக்கு ஊர் ஆள் செய்யும் உதவிக்குத் தாளும் பேனையும் எதற்கு என்று நினைத்த மடையன் நான். கேட்டால் தலைமை விமானி மறுத்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ரோஸ்டரில் 'விடுதி' என்றே எழுதினேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அப்படி ஒரு பலாலி இரவில் தாயாருக்கு இழுப்பு மிகவும் கடுமையாகிவிட்டது. அண்ணை கண் மூடாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். காலையில் குறித்த நேரத்துக்குப் பலாலிக்கு வந்தார். சீருடையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லையாம். வந்ததும் நிலைய அதிகாரியிடம், "நான் நித்திரை கொள்ளேல்லை. இண்டைக்கு என்னாலை பிளேன் ஓட ஏலாது" என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் ஓட்டியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது. வேறு விமானி வரப் பின்னேரமாகிவிட்டது, அதுவரை பயணிகள் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் மேலிடத்தில் செல்வாக்குள்ளவர்.

விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் அண்ணை. சுருக்கெழுத்துத் தெரிந்தவன் என்பதால் குறிப்பெடுக்க என்னையே இருத்தினார்கள். "விடுதியை விட்டுப் போக யார் அனுமதி தந்தது?" என்று தலைமை விமானி கேட்டார். "கோப்பில் இருக்கும்" என்றார் அண்ணை. கோப்பைத் திறந்து காட்டினார்கள். அதில் ஒன்றும் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் அதிகாரிகள் பக்கம் திரும்பி, "ஒருவரும் தரவில்லை. நானாகத்தான் போனேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அந்தச் சொற்களை என் கையாலேயே எழுதினேன்.

ஜெட் விமானப் பயிற்சிக்கு வெளிநாடு போவோர் பட்டியலில் அவருடைய பெயர் இரண்டாவதாக இருந்தது. அதை வெட்டினார்கள். புதிய பட்டியலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அடுத்த பட்டியல் வந்தபோது நாற்பது வயதைக் கடந்தவர்களை எடுப்பதில்லை என்று விதி இருந்தது. அவரிடம் தொழில் பழகியவர்கள் இலண்டனுக்குப் பறந்தார்கள். சம்பளத்திலும் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் ஓய்வு பெறும்வரை பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலேயே ஓடினார். ஒரு முறை மட்டும், தலைக்கு மேலே போன ஜெட்டைப் பார்த்து, "உந்தச் சத்தத்தை ஒருக்கா உள்ளை இருந்து கேக்க ஆசையாக் கிடந்தது, சவிரி" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து இந்தப் பாவத்தைச் சொன்னேன். "சம்பந்தப்பட்டவரிட்டைப் போய்ச் சொல்லும்" என்றார். ஒரு நத்தார் பண்டிகை விடுமுறையில் வேலணைக்குப் போய், "அண்ணை, அந்த விசாரணை…" என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "உமக்கு அப்ப மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பீர்? எனக்குப் போனது ஒரு சீற்றுத்தான். விடும். உங்கடை பக்கம் இப்ப மீன் என்ன விலை?" என்றார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. வீட்டில் உள்ளவர்களுக்கு உண்மை தெரியுமா என்று கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணையை அவருடைய தாயாருக்குக் கொள்ளி வைத்த அதே சுடலைக்குக் கொண்டுபோனோம். எட்டாம் நாள் மகன் ரவீந்திரன் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாமா, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும். ஒண்டு மட்டும், அந்த விசாரணையை எழுதாதேங்கோ. களவா வீட்டை வந்து நிண்டவர் எண்டு அம்மாவுக்கு இண்டைக்கும் வெக்கம். அப்பம்மா கண் மூடுமட்டும் தன்னாலைதான் பிள்ளை கெட்டது எண்டு அழுதவ."

அவர் வீட்டிலும் சொல்லவில்லை. பெற்ற தாய் அழுதபோதும் சொல்லவில்லை. சொன்னால் தாயார் என்னை ஏசுவார், பேச்சு ஊரெல்லாம் பரவும், என் வேலை போகும் என்று நினைத்திருப்பார்.

தம்பி ரவீந்திரன், நீர் கேட்டபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. இதை மலரில் போடுவதும் விடுவதும் உமது விருப்பம். ஆனால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். மகேஸ்வரி அக்கா, உங்கள் கணவர் ஒருநாளும் களவாக வீட்டுக்கு வரவில்லை. அனுமதி உண்டென்று அவரை நம்பவைத்து அனுப்பியவன் நான். விசாரணையில் வாய் திறக்காமல் இருந்தவனும் நான். வெட்கம் என்னுடையது, உங்களுடையதல்ல.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அண்ணையின் தாயாரிடம் சொல்ல எனக்கு இனி வழியில்லை. அண்ணை, அங்கே உங்கள் தாயாரைக் கண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். இனியும் என்னைக் காப்பாற்றாதீர்கள்.