சின்னுவுக்கு நாளுக்கு இரண்டு குளியல்

எங்கள் ராயபுரம் வீட்டில் எதையும் சாதாரணமாகச் செய்துவிட முடியாது. ஒரு நாயை இரண்டு நாய்களோடு பழக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. மணலியில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு திங்கட்கிழமை ஒரு பையும் ஒரு கறுப்பு நாயுமாக வந்து இறங்கினாள். மாமா வரவில்லை. சின்னு என்ற அந்த நாயை இனி நாங்கள்தான் வளர்க்க வேண்டுமாம். எங்கள் டைகரும் ஜூலியும் வாசலிலேயே அதைக் குதறப் பார்த்தன.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னா கலீஜா நாறுது! டேங்கர் லாரிக்கு அடிலயே படுத்துகினு கெடந்துச்சா?"

எண்ணெய் ஆலைகள் நிறைந்த மணலியிலிருந்து யார் வந்தாலும் அம்மாவின் சட்டம் ஒன்றுதான். முதலில் குழாயடி, பிறகுதான் வீடு. நாயும் தப்பவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தபடியே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெயம மாதா கோயில் பூசைக்குள்ள மூணும் ஒண்ணா சோறு துன்னணும். இல்லாங்காட்டி நீயே இத்த இட்டுகினு போயி மணலில வுட்டுடு."

"சரி அண்ணி," என்ற அத்தை பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தினமும் ஒரு சேலையை அதிலிருந்து எடுப்பாள், துவைத்துக் காயவைத்து மறுபடி அதிலேயே திணிப்பாள்.

ஹார்பர் வேலை முடிந்து வந்த அப்பா, மூன்றையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். கயிறு காலைச் சுற்றி, மீன்கார அக்காவின் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பழி சின்னுமேல் விழுந்தது.

நான் ஜூலி படுக்கும் கோணியைச் சின்னுவுக்கு விரித்தேன். மறுநாள் மாலை ஜூலி அதை முகர்ந்து பார்த்து வாலைக்கூட ஆட்டியது. உடனே அம்மா சின்னுவைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்! சோப்பு வாசனையோடு திரும்பிய சின்னுவைப் பார்த்து, யாரோ புது நாய் என்று இரண்டும் மறுபடி முதலிலிருந்து குரைத்தன. காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல்.

"வாசனைய வெச்சுதாம்மா அதுங்களுக்கு ஆளே தெரியும்!" என்று கத்தினேன்.

"நீ மூடிகினு போய்ப் படி."

அத்தை மட்டும் தினமும், "இன்னிக்கு எப்டி கீது?" என்று பரீட்சை முடிவு கேட்பதுபோல் என்னிடம் கேட்பாள்.

வெள்ளியும் சனியும் குழாயிலும் தண்ணீர் இல்லை, தண்ணீர் லாரியும் வரவில்லை; சின்னுவுக்குக் குளியலும் இல்லை. அம்மா லாரிக்காரனைத் திட்டித் தீர்த்தாள். லாரி வரவே கூடாது என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமை மாலை டைகர் சின்னுவைத் தலையிலிருந்து வால்வரை முகர்ந்துவிட்டு, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது. ஞாயிறு காலை, ஒரே அலுமினியத் தட்டில் மீன்குழம்புச் சோற்றுக்குள் மூன்று முகங்கள்.

அந்த நேரம் பார்த்தா லாரி ஹாரன் கேட்க வேண்டும்? அம்மா குடத்தை எடுத்தாள். நாய்களைப் பார்த்தாள். "இன்னிக்கு இதுக்குக் குளியல் வோணாம்," என்றாள். குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த தன் சேலைகளை மேல்தட்டுக்கு மாற்றினாள்.

"எம்மாம் நாளிக்குப் பைய கட்டிலுக்கு அடில வெச்சிருப்ப? எட்த்து அடுக்கு."

அத்தை தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாய் சோறு தின்றதற்கு யாராவது இப்படி அழுவார்களா? பூசைக்கு நேரமாகிறதே என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.