ஆறு பூச்சு மஞ்சள் பெயிண்ட்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மண் வண்டியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். முன்னால் மண் அள்ளும் அகலமான பக்கெட், பின்னால் குழி தோண்டும் நீளக் கை, நடுவில் கதவில்லாத கேபின். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே எங்கெங்கோ ஓடிக் களைத்த கிழட்டு வண்டி. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதைப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வந்தபோது சீட்டுக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது. குட்டிகளை எடுத்துப் போட்டது நான். ஓட்டுவது அவர் வேலை, கழுவுவது என் வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் வண்டி எங்கெல்லாம் போகிறதோ அங்குள்ள நாற்றமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். வாய்க்கால் சேறு, செத்த கோழி, கக்கூஸ் குழி மண். இடுக்குகளில் ஆயிலும் மண்ணும் கலந்து கறுப்புக் களியாக அப்பியிருக்கும். நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது, சோறு பிசையும்போது வாடை அடிக்கும். அவரோ கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அந்த வேட்டியைத் துவைப்பதும் நான்தான்.

இந்த வண்டியால் எனக்குச் சந்தோஷம் கிடைத்தது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மஞ்சள் பெயிண்ட் வாங்கி வரச் சொல்லி நானே பூசுவேன். எத்தனை கழுவியும் போகாத அழுக்கெல்லாம் அந்த மஞ்சளுக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் மூட்டு மூட்டாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்து மாலை போட்டால் வண்டி புதிதாக நிற்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு எடங்கூட உடாம பூசிப்போட்டீங்களேக்கா" என்றாள். அதை நினைத்து நினைத்துப் பல நாள் பூரித்திருக்கிறேன்.

போன வருஷம் பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தோம். கூட வேலை செய்யக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து என் தம்பி வந்திருந்தான். அவன் குழிக்குள் நின்று பிடித்துக் கொடுக்க, வண்டியின் பின் கையில் சங்கிலி கட்டி, வளையம் வளையமான சிமெண்டு உறைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இரண்டாவது உறை பாதியில் தொங்கும்போது அந்தக் கை டக்கென்று ஒரு முழம் கீழே விழுந்தது. உறை குழிச் சுவரில் இடித்து, மண் சரிந்து தம்பியின் தோளில் கொட்டியது. ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் அவன் தலைதான். மேலே ஏறி வந்து தண்ணீர் கேட்டான். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"பழைய வண்டின்னா அப்படி இப்படிக் குலுங்கத்தான் செய்யும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, அவன் தலைக்கு மேல குலுங்குதுங்க" என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்னும் மூன்று உறை பாக்கி இருந்தது. மூன்றுக்கும் அவன்தான் குழிக்குள் இறங்க வேண்டும்.

பக்கத்துச் சித்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். பின் கையைச் சுற்றிப் பார்த்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மொதல்ல இந்தப் பெயிண்ட்டச் சொரண்டிக் குடுங்கக்கா. எதுக்குள்ள எது இருக்குதுன்னே தெரியலீங்க."

மண்ணெண்ணெயும் தகடுமாக நான்தான் உட்கார்ந்தேன். மஞ்சளைச் சுரண்டினால் காய்ந்த சந்தனம், குங்குமம், அதற்கடியில் கறுப்புக் களி, அதற்கும் அடியில் மறுபடி மஞ்சள். சாணி வறட்டி மாதிரி பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. முதலில் வண்டியை விற்றவனைத் திட்டினேன். அப்புறம் வீட்டுக்காரரை, அவர் காதில் விழும்படியாகவே திட்டினேன். மூட்டுக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. மெக்கானிக் குனிந்து அதை ஆணியால் நோண்டினார்.

"இதுதானுங்க கிரீஸ் ஏத்தற நிப்பிள். வாயே அடைஞ்சு கெடக்குது. வருசக்கணக்கா உள்ள ஒரு பொட்டு போகலீங்க."

"வாரா வாரம் அடிக்கறனே" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதுல அடிச்சிருப்பீங்கண்ணா. இது இருக்கறதே தெரியலியே."

அந்தக் கையில் மட்டும் அப்படி நான்கு மூடிக் கிடந்தன. மூட்டில் கோத்திருந்த இரும்புப் பின்னை மெக்கானிக் சம்மட்டியால் அடித்து வெளியே எடுத்தார். கிரீஸ் இல்லாமல் உரசி உரசி நடுவில் பாதியாகத் தேய்ந்திருந்தது. இன்னும் ஓர் உறை இறக்கியிருந்தால் கையே கழன்று குழிக்குள் விழுந்திருக்கும் என்றார். நான் தரையில் கிடந்த ஒரு பட்டையை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். மஞ்சள், சந்தனம், மஞ்சள், சந்தனம். எண்ணினால் மஞ்சள் ஆறு. வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஆறு பூஜை. விற்றவன் பூசியது அதில் ஒன்றுகூட இல்லை.

எலிக்குட்டியை எடுத்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவச் சோம்பல்பட்டு மூடிவைத்தவள் நான், அதற்குப் பூஜை என்று பெயர் வைத்தவளும் நான். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரும்புப் பின்னையும் அது கோக்கும் புஷ்ஷையும் புதிதாகப் போட்டு, நிப்பிள்களை மாற்றி, மூட்டுகளில் கிரீஸ் பிதுங்கி வழியும்வரை ஏற்றிக் கொடுத்தார் மெக்கானிக். நான்காம் நாள் மீதி உறைகளை இறக்கத் தம்பி வந்தான். இறங்குவதற்கு முன் சாப்பிட உட்கார்ந்தான். பெயிண்ட் அடைத்த கதையை மெக்கானிக் அவனிடம் சொல்லியிருந்தார்.

"எந்த நாறப்பய பூசுனானோ. அவன் கை வெளங்குமா" என்றான். நான் அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பழைய ஓனரு வேலதான் மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்காகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் அதுவும் இன்னொரு பூச்சு மாதிரி இருந்தது எனக்கு.

"நாந்தான்டா பூசுனேன்" என்றேன். "வருசா வருசம் நாந்தான்."

தம்பியின் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தான், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான்.

"ஒரு எடங்கூட உடாமத்தான் பூசியிருக்கேக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் குழிக்குள் இறங்கினான்.