கடைசி வண்டிக்காரர் நிற்கும் இடம்

பிணம் ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் இருக்கும் ஆள் "சீக்கிரம் போப்பா" என்று உயிரை வாங்க மாட்டார். அதனாலோ என்னவோ, கடைசி வண்டிக்காரர் எதற்கும் வேகமாக நடந்து பழகவில்லை. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது.

ஆயுசு முழுக்க உட்கார்ந்தே ஓட்டியதும், மயான வாசலில் காத்திருந்த நேரமெல்லாம் புகைத்துத் தள்ளியதும் சேர்ந்து இடது காலில் வந்து நின்றன. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்குவார்கள், நின்றால் விட்டுவிடுவார்கள். பாதம் எப்போதும் சில்லென்றிருந்தது. படுக்கையில் அது மேலே பட்டதும் மனைவி பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க."

காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். அப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரலாம். அது கிளட்ச் மிதிக்கிற கால். கால் போனால் வண்டியும் போச்சு. வண்டி போனால் அவர் வெறும் ஆள்.

ஆஸ்பத்திரியின் நடைப் பயிற்சி அறையில் இருந்த பெண் முறையைச் சொன்னாள். "வலி வந்ததும் நின்னுடாதீங்க. நல்லா ஏறட்டும். தாங்கலன்னா நில்லுங்க. அடங்கினதும் மறுபடி நடங்க."

"வலிக்கறதுக்காகவே நடக்கணுமாம்மா?"

"ஆமா. கம்மி ரத்தத்துலயே வேலை பாக்க தசை பழகிக்கும்."

"எங்க முதலாளியும் சம்பளத்தைப் பத்தி இதேதான் சொல்வாரு."

அவருடைய தெரு ஒரு வளையம். வீட்டில் கிளம்பினால் சுற்றி வீட்டுக்கே வந்து சேரலாம். முழுச் சுற்றும் நிற்காமல் வந்துவிட்டால் கத்திக்கு வேலையே இருக்காது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். காலையில் நடக்க ஆரம்பித்தார். வலி தையல்காரர் வீட்டு வாசலில் பிடித்தது. கேட்டைப் பற்றிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நின்றார். வலி விட்டது. தினமும் அதே இடம். அந்த வாரமே தையல்காரரின் அண்ணன் போய்ச் சேர்ந்தார். ஏற்றிப் போக வந்தவரும் இவர்தான்.

கால் தேறத் தேற வலி பிடிக்கும் இடம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நன்றாகத்தான் இருந்தார், கதவைத் திறந்து இவரைப் பார்க்கும்வரை. தெரு இரண்டு சாவையும் கூட்டிப் போட்டுக்கொண்டது.

அதற்கடுத்த வீட்டில் பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "அண்ணே, இங்க நிக்காதீங்க! அந்தப் பக்கம் போங்க!"

"கால் வலிக்குது சார். நின்னா போயிடும்."

"போயிடும்ங்கறீங்களே, எங்க போகுது?"

கடைசி வண்டிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நியாயமான கேள்வி. அதற்கப்புறம் கவனித்தார். அவர் ஒரு வாசலில் நின்றதும் உள்ளே பேச்சு அடங்கும். கெண்டைக்கால் லேசாகும். அதே நொடியில் உள்ளே யாரோ மெல்ல "ம்" என்பார்கள், எதையோ கை நீட்டி வாங்கிக்கொண்ட மாதிரி.

விரட்டல் நல்ல வைத்தியமாக இருந்தது. வீடு வீடாகத் துரத்தியதில் தூரம் கூடியது. "வீட்டுல யாரு இவ்வளவு ஊக்கம் குடுக்கறாங்க?" என்று பயிற்சிப் பெண் அசந்துபோனாள்.

"தெருவே குடுக்குதும்மா."

ஒரே ஒரு வீட்டில் மட்டும் மருமகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க மாமா. எங்க அத்தைக்கு ரொம்ப நாளா முடியல. நீங்க தினமும் வந்துட்டுப் போங்களேன்." ஜன்னலுக்குள் படுத்திருந்த கிழவி இவரைப் பார்த்துச் சிரித்தாள், நேரம் தப்பி வந்த பஸ்ஸைப் பார்ப்பது போல. முறுக்கிப் பிழிந்த காலோடு அவர் அங்கிருந்து ஓடாத குறையாக நடந்தார்.

மனைவிதான் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "பைத்தியக்காரத் தெரு! நீங்க பாட்டுக்கு நடங்க."

ஒரு காலையில் அவர் எங்கும் நிற்கவில்லை. கடைசி வளைவையும் தாண்டினார். முழுச் சுற்று! தன் வீட்டு கேட் கண்ணில் பட்ட நேரம் பார்த்து வலி வந்து கவ்வியது. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினார். உள்ளே வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"என்னங்க," என்றாள், மிகவும் அன்பாக. "அப்படியே இன்னும் கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். யார் "ம்" சொல்வது? கையை இழுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தெருவை விட்டே வெளியேறி, ஆள் இல்லாத ஷெட்டுக்குப் போய்த் தன் வண்டியின் மேல் சாய்ந்தார். வலி ஒரேயடியாக விட்டது. இத்தனை காலம் சில்லென்றிருந்த பாதத்தில் கதகதப்பு ஏறியது. வண்டிக்கு அடியில் எங்கோ இரும்பு மெல்ல "ம்" என்று முனகியது.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம் என்று கை குலுக்கினார். மெக்கானிக்தான் வண்டிக்கு அடியிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"டீசல் குழாய்ல அடைப்புண்ணே. எத்தனை தடவை மாத்தினாலும் அடைச்சுக்குது. கொஞ்ச தூரம் போகும், நின்னுடும். ஆற விட்டா மறுபடி கிளம்பும்."

"எங்க நிக்கும்?"

"அது வண்டிக்குத்தான் தெரியும்."

கடைசி வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஆள் அவசரமில்லாமல் காத்திருந்தார். இடது காலுக்குக் கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது.