இருபத்து நாலாவது விளக்கு

என் மாமாவின் இடது முன்கையில் பதினேழு தையல் இருக்கிறது. இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் அவர் வாதாட மாட்டார். சட்டைக் கையை மடித்துக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். முழுசாக அவர் வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு தடவை, என்னிடம். அக்காவும் தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் இருட்டு, நாய் ஊளை, பாழடைந்த பங்களா என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். இது ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது, பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. அந்த ஹாலில் அப்போது இருபத்து நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு அதெல்லாம் வராது என்று நானும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

மாமா என் அக்காவின் புருஷன். எலக்ட்ரீஷியன். அக்காவுக்கு ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வேலை. பழைய மிஷின் அது. தாள்கட்டை உள்ளே தள்ளி, கால் பெடலைப் பாதி மிதித்தால் ஓர் இரும்புப் பட்டை இறங்கித் தாளை அழுத்திப் பிடிக்கும். முழுசாக மிதித்தால் நாலடி நீள பிளேடு இறங்கும். ஐந்நூறு தாளை வெண்ணெய் மாதிரி அறுத்துப் போடும். நடுவில் கை இருந்தால் அதையும் அப்படித்தான்.

அந்த ஹாலில் விளக்கெல்லாம் மூடியில்லாமல் மொட்டையாக எரியும். வெளிச்சம் பளபளப்புத் தாளிலும் இரும்பு மேசையிலும் பட்டு நேரே கண்ணில் அடிக்கும். தினமும் சாயங்காலம் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். மாமா முதலில் கிண்டல்தான் செய்தார், வயசாகிவிட்டது, கண்ணாடி போடு என்று. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் பெண்டாட்டி என்று நினைத்துப் பேசிக்கொண்டு நின்றது யாராம் என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் ஒரு நாள், கண் கூச்சத்தில் தாளில் வெட்டும் கோடு தெரியாமல் குனிந்து பார்த்தபோது, பட்டை இறங்கி அவள் கட்டைவிரல் நகத்தை நசுக்கிவிட்டது. கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியிருந்தால் கையே போயிருக்கும். அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கிண்டல் அத்தோடு நின்றது. அவள் கை போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அதற்கப்புறம் மாமாவின் மண்டைக்குள் ஓடியது.

அச்சக மேனேஜருக்கு எல்லாரும் வைத்திருக்கும் பெயர் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், பார்க்க மாட்டார். மாமா விடாப்பிடியாக நாலு தடவை போய் நின்றார். கடைசியில், லீவு நாளில் வந்து செய்துகொள் என்று அனுமதி கிடைத்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு விளக்குக்கும் அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு ஒரு வெள்ளை அக்ரிலிக் ஷீட் போட வேண்டும். நாலடிக்கு இரண்டடி. பால் ஷீட் என்பார்கள். வெளிச்சம் அதில் கலங்கி, பரவி, கண்ணைக் குத்தாமல் இறங்கும். கிளிப் போட்டு நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மாமா அப்படியில்லை. ஷீட் நடுவில் தொய்யாமல் குறுக்கே ஓர் அலுமினியப் பட்டை கொடுப்பார். அதை மேலே காங்கிரீட்டில் கொக்கி அடித்து, கம்பியால் தனியாகக் கட்டுவார். விளக்குக்கு எட்டு நிமிஷம் கூடுதலாகும். தலையில் விழுந்தால் எட்டு நிமிஷமா திரும்ப வரும் என்று கேட்பார்.

முதல் ஞாயிறு பன்னிரண்டு விளக்கு முடிந்தது. இரண்டாவது ஞாயிறு காலையில் பதினொன்று. மிச்சம் ஒன்றே ஒன்று, அக்காவின் மிஷினுக்கு நேர் மேலே இருப்பது. கூச்சம் போயிற்றா என்று அவளால்தான் சொல்ல முடியும். அதனால் ஃபோன் போட்டு வரச் சொன்னார். வேலைக்குப் போடும் முழுக்கை மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அவளும் வந்து நின்றாள்.

தப்பு நடந்தது இங்கேதான். கூச்சம் போகவில்லை என்றால் ஷீட்டை இறக்கி, தடிமனான ஷீட்டாக மாற்ற வேண்டும். அதற்குள் கம்பி கட்டிவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். முதலில் பார்த்துவிடலாம், பிறகு கட்டலாம் என்று, வெறும் நாலு கிளிப்பில் ஷீட்டை நிறுத்தினார். அதன் அடியில் பெண்டாட்டியை நிற்க வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத வேலை அது.

மிஷினின் ஃபியூஸை முன்கூட்டியே கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். அந்த வரைக்கும் ஜாக்கிரதைதான்.

11.10. ஸ்விட்ச் போட்டார். அக்கா தாள்கட்டைப் பட்டைக்கு அடியில் தள்ளிக் குனிந்து பார்த்தாள். "கோடு நல்லா தெரியுதுங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மாமாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

11.14. கம்பி கட்ட ஏணியை நகர்த்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். நாலு கிளிப்பில் ஒன்று கீழே கிடந்தது. அதன் ஸ்க்ரூ தனியாக உருண்டு போனது. சரியாக முடுக்கவில்லை போல என்று எடுத்து மறுபடி மாட்டினார். ஏணியை விட்டு இறங்குவதற்குள் மறுபடி 'டிக்'. இந்தத் தடவை எதிர் மூலைக் கிளிப்.

11.19. வாசல் ஷட்டர் பக்கம் இருக்கும் விளக்கில் ஏதோ கறையாகத் தெரிந்தது. காலையில் தன் கையால் துடைத்து மாட்டிய ஷீட் அது. பல்லி புகுந்திருக்கும் என்று கிட்டே போனார். அது பல்லி இல்லை.

ஓர் உள்ளங்கை. ஐந்து விரலும் விரித்து, ஷீட்டின் மேல் பக்கம் ஊன்றியிருந்தது. விளக்கு அதற்கு மேலே எரிந்ததால் நிழல் அச்சு அசலாக விழுந்தது. மேலே யாரோ ஏறியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. விளக்குக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருப்பது நாலு விரல் இடைவெளி. அதில் ஆள் எங்கே நுழைவது? மணிக்கட்டுக்குப் பின்னால் நிழலே இல்லை.

11.23. கை எழும்பியது. மறைந்தது. 'தப்' என்று அடுத்த விளக்கில் விழுந்தது.

ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவில் தகரத் தடுப்பு இருக்கிறது. ஆனாலும் வந்தது.

தப்… தப்…

வாசலிலிருந்து மிஷினை நோக்கி வந்தது. ஒன்று இல்லை. பின்னால் இன்னொன்று. இடது பக்க வரிசையில் மூன்றாவதாக ஒரு கை. வெளியே ஓட ஷட்டருக்குத்தான் போக வேண்டும். அதற்கு அவற்றின் அடியில்தான் போக வேண்டும்.

"இங்க வா" என்று அக்காவைக் கூப்பிட்டார் மாமா, மேலேயிருந்து கண்ணை எடுக்காமல்.

"வர முடியலைங்க."

திரும்பிப் பார்த்தார். இரும்புப் பட்டை இறங்கியிருந்தது. தாளோடு சேர்த்து அவள் கோட்டுக் கையையும் கவ்விப் பிடித்திருந்தது. அவள் கால் பெடலில் இல்லை. பெடல் தானாகப் பாதி அழுந்தி நின்றது.

11.31. மாமா ஓடினார். தலைக்கு மேல் ஒரு ஷீட் குலுங்கியது. கம்பி 'கிண்… கிண்' என்று கத்தியது. காங்கிரீட்டிலிருந்து கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஷீட் சுழன்று வந்து அவர் இடுப்பில் அடித்தது. விழுந்தார். அடுத்த ஷீட் ஏணியை இடித்துச் சாய்த்தது. எல்லாம் அவர் கட்டியது. இரண்டு ஆள் தொங்கினாலும் தாங்கும் கட்டு.

தவழ்ந்துகொண்டே மேலே பார்த்தார்.

அக்காவின் தலைக்கு மேலிருந்த ஷீட் வெள்ளையாக இல்லை. கைகள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு… ஐந்து.

எல்லாம் ஒரே ஷீட்டில். எல்லாம் கீழ்நோக்கி அழுத்தின. ஷீட் நடுவில் வயிறு மாதிரி தொங்கியது. இதற்குள் இன்னொரு கிளிப்பும் கழன்றிருந்தது, மிச்சம் இரண்டே இரண்டு.

11.36. பெடல் அசைந்தது.

கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

ஃபியூஸ் அவர் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தார். இருந்தது.

மிஷின் உறுமியது.

அக்கா கத்தவில்லை. "கையை… கையை…" என்று மட்டும் சொன்னாள்.

மாமா இடுப்பில் செருகியிருந்த வயர் சீவும் கத்தியை எடுத்தார். கோட்டைத் தோளிலிருந்து கிழித்தார். இழுத்தார்.

கை வெளியே வந்தது.

'சட்.'

பிளேடு இறங்கியது. வெறும் கோட்டுக் கை மணிக்கட்டு இடத்தில் இரண்டாகக் கிடந்தது.

மேலே 'டிக்'. 'டிக்'.

ஷீட் விழுந்தது. மாமா கையைக் குறுக்கே கொடுத்தார். உடைந்த விளிம்பு எலும்புவரை போனது. ரத்தம் அக்காவின் முகத்தில் அடித்தது.

அது போதவில்லை அதற்கு.

அக்காவின் வலது மணிக்கட்டை ஏதோ பிடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தோல் மட்டும் ஐந்து இடத்தில் குழிந்தது. அவள் கை தானாக நீண்டு, பிளேடுக்கு அடியில் போனது. பிளேடு மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மாமா ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்தார். மறு கையில், இடுப்புப் பையிலிருந்து உருவிய சுத்தியல்.

அவள் மணிக்கட்டுக்கு மேலே, வெறும் காற்றில் அடித்தார்.

பட்டது. எலும்பில் படுகிற மாதிரி… 'நொறுக்'.

மறுபடி அடித்தார். மறுபடி.

விட்டது.

11.42. ஷட்டருக்கு வெளியே ரோட்டில் கிடந்தார்கள். உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மாமாவுக்குத் தையல் போட்டு முடித்திருந்தார்கள். அக்கா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டெல்லாம் கன்றிப்போய். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் 'பார்க்கலாம்' மட்டும் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் வரவில்லை. அச்சகத்தின் மிஷின் மெக்கானிக்தான் வந்தார். ஹாலைப் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

அந்த மிஷினில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்தவருக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிரும் போய்விட்டது. துண்டான கைகளைத் தேடினார்கள். தாள் கழிவு மூட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மிஷினையே இந்த மெக்கானிக்தான் கழற்றிப் பார்த்தார். மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. அப்போது விளக்குகளுக்கெல்லாம் பால் ஷீட் இருந்திருக்கிறது. அடுத்த மாதமே அந்த ஷீட்டுகளில் கை தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். ஷீட்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்று சாக்குச் சொல்லி நிர்வாகம் மொத்தத்தையும் கழற்றி எறிந்தது.

"கழட்டினதும் போயிடுச்சா?" என்று மாமா கேட்டார்.

"தெரியாமப் போயிடுச்சு" என்றார் மெக்கானிக். "கண்ணு கூசினா கூசிட்டுப் போகுதுன்னு விட்டுட்டோம்."

அக்கா குறுக்கே கேட்டாள். "நான் நாலு வருஷமா அங்க நிக்கிறேன். அப்ப… என் தலைக்கு மேலதான் இருந்துச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சும்மா. ரெண்டு கையும்."

"ரெண்டு இல்ல" என்றார் மாமா. "நான் எண்ணினேன். அஞ்சு."

மெக்கானிக் நிமிர்ந்து அவரையே பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். செத்துப்போனவருக்குப் பிறகு, அக்காவுக்கு முன்னால், அந்த மிஷினில் மூன்று பேர் வேலை பார்த்தார்களாம். மூன்று பேரும் வெவ்வேறு சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். வேறு வேலை கிடைத்திருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. செத்தவருடையது இரண்டு, மிச்சம் மூன்று, ஆளுக்கொரு கை.

அக்கா இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். ஊசி போட வந்த நர்ஸ் எவ்வளவோ கேட்டும் வெளியே நீட்டவில்லை.