குங்குமத்துக்கு ஒரு சட்டம், மருந்துக்கு ஒரு சட்டம்

இந்த முறை காரைக்குடிக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சொந்த அண்ணனின் நகங்களைச் சோதித்தது. அவர் இங்கே ஒரு கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் பதினோரு வருடமாக நெதர்லாந்தில் ஓர் இறைச்சி நிறுவனத்தில் தரம் பார்க்கிறவள். அண்ணனின் கம்பெனியை எங்கள் நிறுவனம் வாங்கிவிட்டது. தமிழ் தெரியுமே என்று மேலாளர் பீட்டரோடு என்னையும் தணிக்கைக்கு அனுப்பிவைத்தார்கள். "சரியா இருக்கா மேடம்?" என்று அண்ணன் கையை நீட்டினார். எனக்குக் கூசிப்போனது.

வெட்டும் எந்திரத்தின் இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தமா என்றார் பீட்டர்.

"ஆயுத பூசைக்கு வச்ச குங்குமம்த்தா. கழுவித்தான் ஓட்டுனோம், மூலையில தங்கிருச்சு போல" என்றார் அண்ணன்.

சாமிக்கு வைத்தது என்று விளக்கினேன். பீட்டர் 'சாயம், கடும் குற்றம்' என்று எழுதிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்ததற்கு, அன்றைய இறைச்சி முழுவதையும் குப்பையில் கொட்டினார்கள். அழுதேன். ஆனாலும் ஆள் பார்க்காத அந்தக் கறார் எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். மருந்து கறியில் தங்கக் கூடாது என்பதால், மருந்து கொடுத்த கோழியைச் சில நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும். இங்கே மறுநாளே வெட்டியிருந்தார்கள். பீட்டரிடம் காட்டினேன். "இது நெதர்லாந்துக்கு வரும் சரக்கு இல்லையே, இங்கேயே விற்பதுதானே" என்று மூடிவைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களே, நீங்களே சொல்லுங்கள், நம் பிள்ளைகளின் வயிறு மட்டும் இரும்பா?

அண்ணன் என்னைத் தனியே இழுத்துப் போனார். "குங்குமத்துக்கு என்னைய வஞ்சுட்டுப் போகட்டும்த்தா. மருந்தைக் கிளறாத. கம்பெனிய மூடிட்டா இத்தனை பேரும் எங்குட்டுப் போறது?"

"இந்தக் கோழிய வீட்டுக்கு வாங்குறீகளாண்ணே?"

"வீட்டுல நாட்டுக்கோழிதான்" என்றார்.

குங்குமம், மருந்து இரண்டையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உன் ஊர்ப் பாசத்தை அறிக்கையில் காட்டாதே" என்றார் பீட்டர். "வெள்ளைக்காரி வேலையக் காட்டிட்டீல்ல" என்றார் அண்ணன்.

சாயங்காலம் பீட்டரின் கார் விடுதிக்குக் கிளம்பியது. ஏறச் சொல்லவில்லை. அண்ணனின் பைக்கும் நிற்காமல் போனது. என் பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது, கம்பெனிப் பயணம் என்பதால் டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டும் பீட்டரிடம் இருக்கிறது. நான் கேட்டிலேயே நின்றேன். கோழி லாரி வந்து ஹாரன் அடித்தது. விலகி வழி விட்டேன்.