முட்டைக்காரர் வாசித்த கல்யாண அறிவிப்பு

மா ஜொங்தெக்குக்கு ஒரு சொல்லின் தலையில் 'ஸ' வந்தால் போதும், வண்டி சேற்றில் இறங்கிவிடும். சக்கரம் சுழலும், வண்டி நகராது. "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்று காற்றுப் போகிற டியூப் மாதிரி இழுப்பார். எதிரில் நிற்பவர் முதலில் செருப்பைப் பார்ப்பார், அப்புறம் வானத்தைப் பார்ப்பார், கடைசியில் பெரிய மனசு பண்ணித் தன் வாயிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். இவரும் வம்பு எதற்கு என்று அதையே வாங்கிக்கொள்வார். உப்பு வாங்கப் போய் ஸோஜு என்கிற சாராய பாட்டிலோடு வீடு திரும்பியது அப்படித்தான். உப்பும் ஸோஜுவும் அந்த ஊர் மொழியில் ஒரே எழுத்தில் தொடங்கும்.

மகள் பிறந்ததும் மனைவி 'ஸோதாம்' என்று பெயர் வைத்தாள். வேண்டாமே என்று இவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் பெயர் ஆபீசில் பதிவாகிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் மகள் இவருக்கு "ஏ புள்ள"தான்.

பிழைப்பு, இஞ்சோன் நகரத்துச் சந்துகளில் முட்டை வண்டி. மற்றவர்கள் பதிவு செய்த குரலை ஓடவிடுவார்கள். இவர் தானே மைக்கைப் பிடிப்பார். "முட்டை வந்தாச்சேஏஏய்... பெருசு பெருசா வந்தாச்சேஏஏய்!" அங்கே ஒரு சிக்கலும் கிடையாது. எவ்வளவு நீட்டினாலும் ஜன்னல் திறக்கும், "தேன் குரல்ய்யா!" என்பார்கள். காதுகளின் நியாயம் அது. வாலை இழுத்தால் பாட்டு, தலையை இழுத்தால் வியாதி. இழுப்பு என்னவோ ஒரே நீளம்தான்.

ஸோதாமின் கல்யாணத்தில் நடுவில் நின்று நடத்தும் பெரியவர் வேண்டாம், அப்பாக்களே பேசட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் முடிவு செய்தார்கள். இன்று முதல் இவர்கள் தம்பதி என்று வாசிக்கிற வேலை பெண்ணின் அப்பாவுக்கு.

"அப்பா, உங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன்னு சொல்லிடறேன். நீங்க சும்மா நின்னா போதும்."

"நான் வாசிக்கிறேன்."

"எல்லாரும் இருப்பாங்கப்பா."

"அதான். எல்லார் முன்னாலயும் உன் பேரை ஒரு தடவையாவது..."

"என் பேருதானே உங்களுக்கு வரவே வராது!"

உண்மைதான். அதனால்தான் அவ்வளவு காரம். சொன்ன பிறகு அவளே கலங்கிப்போய், சரி வாசிங்க என்று விட்டுவிட்டாள்.

வண்டிக்குள் முட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்து பழகினார். முட்டைகள் சிரிக்கவில்லை. அதை நம்பி ஏமாந்தார்.

மணிக்கொரு கல்யாணம் நடக்கிற மண்டபம்; அடுத்த கல்யாணக் கூட்டம் வாசலிலேயே நின்றது. ஜொங்தெக் மைக் முன்னால் வந்தார். "மணமகன் யூன் கிஹ்யோனும், மணமகள் மா ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

மைக் மட்டும் விசுவாசமாக அதை நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மண்டபத்து ஆள் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தான். சம்பந்தியம்மா உடை நாடாவைச் சரிசெய்தாள். நிகழ்ச்சி நடத்திய மாப்பிள்ளையின் நண்பன், "மாமாவுக்கு ஒரு கைதட்டல் கொடுத்து உற்சாகப்படுத்துவோமா!" என்றான். தட்டினார்கள். ஸ்ஸ்ஸ் இன்னும் நீண்டது. முக்காட்டு வலைக்குள் ஸோதாமின் உதடு, "போதும்ப்பா" என்றது.

சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே இழுக்க ஜொங்தெக்கிடம் இருந்தது ஒரே ஒரு கியர்தான். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டார்.

"மணமகள் மா ஸோதாஆஆம்... இன்னிக்கே தம்பதி ஆயாச்சேஏஏய்!"

பெயர் ஒரு கீறலும் இல்லாமல், முட்டை மாதிரி முழுசாக வந்தது. அந்த முட்டை வண்டி ராகம் தெரியாத காது அந்த நாட்டில் கிடையாது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "முட்டைக்காரரே, எனக்கு ஒரு தட்டு!" என்று கத்தினான். மண்டபமே சிரித்து உருண்டது. "எனக்கு அவிச்சது!" என்றான் இன்னொருவன்.

ஸோதாமின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

பிறகு கல்யாண வீடியோ செல்போனுக்கு வந்தது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். அவர் பேசுகிற இடத்தில் மட்டும் குரலை எடுத்துவிட்டுப் பியானோ போட்டிருந்தார்கள். திரையில் அவர் வாய் எங்கேயும் தட்டாமல் அழகாகத் திறந்து மூடியது. உள்ளூர்ச் செய்தி வாசிப்பவர் தோற்றார்.

மகள் அழைத்தாள். "பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். மண்டபத்தில் வந்தது இங்கே வராதா? "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

"ஸூப்பர்தானே? எனக்குத் தெரியும்ப்பா. வெச்சுடறேன்."

சொல்ல வந்தது அது இல்லை. ஆனாலும், "ம்" என்று வாங்கிக்கொண்டார்.